பாளையங்கோட்டை கோர்ட்டில் ஓடிய சைக்கிள்

கைத்தடியின் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து, வீட்டுத் தரையில் வழுக்கத் தொடங்கிவிட்டது. நேற்றுக் காலையில் வண்ணார்பேட்டையில் ஒரு பஞ்சர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பழைய டியூபில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, சொலூஷனைத் தடவி, நாலு தடவை ஊதி, ஒட்டிக் கொடுத்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நீர் வந்து நின்றுவிட்டீர். ஊரில் மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்த நண்பர்கள் சந்தன வாடையிலும் பூ வாடையிலும் வருவார்களாம். எனக்கு வாய்த்தவர் பஞ்சர் சொலூஷனில் வருகிறீர்.

"என்ன அண்ணாச்சி, தனியா சிரிக்கீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஒரு கிறுக்கன நெனச்சேன்" என்றேன். நீர் உயிரோடு இருந்து இது காதில் விழுந்திருந்தால் மானநஷ்ட நோட்டீஸ் அனுப்பியிருப்பீர். அதிலும் சைக்கிளைப் பற்றி ஒரு பத்தி இருந்திருக்கும்.

உம்முடைய ஆபீஸ் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்ததால் உம் வழக்குக் கட்டுகள் எல்லாவற்றிலும் அந்த வாடை ஏறியிருந்தது. நீர் சிவப்பு நாடாவை அவிழ்த்தால் போதும், கோர்ட்டு ஹால் முழுக்கப் பஞ்சர் கடை ஆகிவிடும். நீதிபதி கட்டைப் பார்க்காமலே, "சைக்கிள் வழக்கா?" என்று கேட்பார். "ஆமாம் ஐயா" என்று ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி நிமிர்ந்து நிற்பீர். எதிர்ப் பக்கத்தில் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நம் இரண்டு பேருக்கும் பிழைப்பு ஒரே விபத்தில்தான் ஓடியது. பஸ்ஸோ லாரியோ மோதிக் கை கால் போன சைக்கிள்காரருக்காக நஷ்டஈடு கேட்பது உம் வேலை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, அவ்வளவெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்வது என் வேலை. தொண்ணூறுகளில் பாளையங்கோட்டை விபத்துத் தீர்ப்பாயத்தில் நாம் சண்டை போடாத வாரம் கிடையாது. உள்ளே கீரியும் பாம்பும், வெளியே வந்தால் கேண்டீனில் ஒரே பெஞ்ச். என் தட்டில் இருக்கும் வடையைப் பாதி பிய்த்துத் தின்றுகொண்டே, "உம்ம கம்பெனி இதையாவது குடுத்ததேவே" என்பீர்.

மோட்டார் சைக்கிள்காரர் வந்தால் கேஸ் எடுக்க மாட்டீர். கார்க்காரர் வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு வேறு வக்கீலிடம் அனுப்பிவிடுவீர். ஏன் இப்படி என்று கேட்டால் நாளுக்கு ஒரு காரணம் சொல்வீர். நான் மறக்காதது இது ஒன்றுதான்: "பஸ்காரனுக்கு ஹாரன் இருக்கு, சைக்கிள்காரனுக்கு நான் இருக்கேன்." சொல்லிவிட்டு நீரே அதை ரசித்து இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தீர்.

வேலை செய்கிற விதத்திலும் உமக்கு ஒரு கிறுக்கு உண்டு. விபத்து நடந்த இடத்தைப் போய்ப் பார்க்க எல்லா வக்கீலும் காரிலோ பஸ்ஸிலோ போவார்கள். நீர் சைக்கிளில் போவீர். விபத்து நடந்த அதே நேரத்துக்கு, அடிபட்டவர் வைத்திருந்த அதே பாரத்தை ஏற்றிக்கொண்டு போவீர். பால்காரர் ஒருவரின் வழக்குக்காக இரண்டு கேன் நிறையத் தண்ணீரைக் கட்டிக்கொண்டு போய்க் கால்வாயில் விழுந்து, தாடையில் பிளாஸ்திரியோடு மறுநாள் கோர்ட்டுக்கு வந்தீர். "அந்த வளைவு எவ்வளவு மோசம் என்பதற்கு நானே சாட்சி ஐயா" என்றீர். "வக்கீல் சாட்சி சொல்லக் கூடாது, உட்காருங்கள்" என்றார் நீதிபதி. எனக்கு அன்றைக்குச் சிரிப்பை அடக்கிப் பக்கவாட்டில் வலி வந்துவிட்டது.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சுடலைமுத்து வழக்குதான். அதில் நான் உம்மிடம் மறைத்த விஷயம் ஒன்று உண்டு. நீர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இனிமேலும் மறைத்து என்ன செய்ய?

சுடலைமுத்து சீவலப்பேரிக்காரர். வாழையிலை வியாபாரம். விடியும் முன்னே தோட்டத்தில் இலை அறுத்து, கட்டுக் கட்டாகச் சைக்கிளின் பின்னால் அடுக்கி, திருநெல்வேலிக்கு வந்து ஓட்டல் ஓட்டலாக இறங்கிப் போட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் காலையில் பின்னால் வந்த லாரி தட்டி, வலது கால் முழங்காலோடு போய்விட்டது. நான் போட்ட எதிருரை உமக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. லாரி அவர்மேல் மோதவில்லை, அவருடைய இலைக்கட்டு அகலமாக நீட்டிக்கொண்டிருந்து அதுதான் லாரிமேல் மோதியது என்று எழுதியிருந்தேன். கம்பெனி சொன்னதை எழுதினேன், வேறு என்ன செய்ய? ஒரு வாரம் கேண்டீனில் என்னைக் கண்டால், "எலக்கட்டு லாரிய இடிச்சுட்டாம்! பாவம், லாரிக்கு ரெம்ப அடியாவே?" என்று கத்துவீர். டீ போடுகிறவர்கூடச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

டிரைவரைக் குறுக்கு விசாரணை செய்து அந்த வாதத்தை நீர் தூள் தூளாக்கிவிட்டீர். மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. சுடலைமுத்து இனி அந்தத் தொழிலைச் செய்ய முடியுமா, முடியாதா? முடியாது என்றால் முழு நஷ்டஈடு. அதை வைத்து வண்ணார்பேட்டையில் ஒரு சின்ன இலைக்கடை பிடித்து உட்கார்ந்துவிடலாம் என்று அவரும் அவர் மனைவி பேச்சியம்மாளும் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள். ஏதோ செய்ய முடியும் என்றால் பாதிகூடத் தேறாது. பேச்சியம்மாள் வயல் வேலைக்குப் போய்க் கொண்டுவருவதில்தான் நாலு வயிறு நிறைய வேண்டும். இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் முடியும் என்று வாதாட இருந்தேன்.

அவரைக் குறுக்கு விசாரணை செய்ய நாலு நாள் இருந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் ஆற்றுக்குக் குளிக்கப் போனேன். கரையில் யாரோ கத்துகிற சத்தம். "ஏலே, ஹேண்டில நேராப் புடிலே! தரையப் பாக்காத, ஆத்தப் பாரு!" குரலைக் கேட்டதும் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொந்தி குலுங்க, நீர் ஒரு சைக்கிளின் கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடிக்கொண்டிருந்தீர். மேலே சுடலைமுத்து. இருந்த ஒரு காலைப் பழைய டியூபால் மிதிகட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தார். அழுத்துகிறதும் அந்தக் கால், மேலே இழுக்கிறதும் அந்தக் கால். நீர் கையை எடுத்தீர். அவர் தனியாகப் போனார். நீர் கைதட்டிக்கொண்டே ஓடினீர். திரும்பி வந்ததும் பிடித்து நிறுத்தினீர். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி சிரித்தீர்கள்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிற வக்கீலை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கட்சிக்காரர் சைக்கிள் ஓட்ட முடியாது என்று கோர்ட்டில் வாதாடிக்கொண்டே, காலையில் அவருக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறீர்! எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. குளிக்காமலே வீட்டுக்கு வந்து, கட்டைப் பிரித்து, சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வியை எழுதி அடிக்கோடு போட்டேன். உம்மிடம் மூச்சுவிடவில்லை. அன்று மத்தியானமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உமக்குப் பாதி வடை கொடுத்தேன். அதுதான், ஓய், நான் மறைத்தது.

விசாரணை நாள் வந்தது. அடிபட்டது, ஆஸ்பத்திரி, கட்டை ஊன்றி நடப்பது என்று எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டுவிட்டு, சாவதானமாகக் கேட்டேன். "சரி, இப்ப நீரு சைக்கிள் ஓட்டுதீரா?"

அந்த மனிதர் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. எவ்வளவு நேரமாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்தாரோ! "ஓட்டுதேனே ஐயா!" என்றார். "ஒத்தக் கால்ல ஓட்டுதேன். எலக்கட்டு வச்சாலும் ஓட்டுவேன்." சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று உம்மைப் பார்த்தார்.

நீர் தலையில் கை வைப்பீர் என்று பார்த்தேன். நீரோ பெருமை தாங்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தீர்! எனக்கு ஆசை இன்னும் ஏறிவிட்டது. "வெளியே ஓட்டிக் காட்டச் சொல்லலாம் ஐயா" என்று நீதிபதியிடம் கேட்டேன். நான் முடிக்கும் முன்பே, "ஆட்சேபணை இல்லை ஐயா" என்று எழுந்துவிட்டீர். "ஒரு நிபந்தனை, வக்கீல் சார் கூடவே ஓடக் கூடாது" என்றேன். அதற்கும் ஆட்சேபணை இல்லை என்றீர். நீதிபதி வெளியூர்க்காரர். நம் இரண்டு பேரில் யாருக்குப் புத்தி இல்லை என்று புரியாமல் மாறி மாறிப் பார்த்தார்.

வழக்குக்கு வந்தவர், போனவர், குமாஸ்தா, டீ போடுகிறவர் எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார்கள். கேண்டீனிலிருந்து இரண்டு இலைக்கட்டு வாங்கி உம்முடைய சைக்கிளிலேயே கட்டினீர். அவரைத் தூக்கி உட்கார வைத்து, குனிந்து காலை மிதிகட்டையோடு கட்டி, ஒரு தள்ளு தள்ளிவிட்டு, சொன்ன வாக்குப்படி வராந்தாவில் நீதிபதி பக்கத்தில் போய் நின்றுகொண்டீர். நான் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று மரத்தடியில் நின்றேன்.

சுடலைமுத்து போனார் பாரும், அது போக்கு! வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். இலை சலசலக்கிறது, கூட்டம் கைதட்டுகிறது, நீரும் கைதட்டுகிறீர். இரண்டாவது சுற்று. பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நான் மனதுக்குள் தீர்ப்பையே எழுதி முடித்துவிட்டேன். மூன்றாவது சுற்று வந்தது. "போதும், நிறுத்தச் சொல்லுங்கள்" என்றார் நீதிபதி.

சுடலைமுத்து நிறுத்தவில்லை. நாலாவது சுற்றும் போனார். முகத்தில் சிரிப்பைக் காணோம். வேர்வை கொட்டுகிறது, கால் தளர்கிறது, சைக்கிள் ஆடுகிறது.

"ஏன் நிறுத்த மாட்டேன்கிறார்?" என்று நீதிபதி கேட்டார்.

"ஐயா, நிப்பாட்ட முடியலய்யா! ஆராவது வந்து புடிங்கய்யா!" என்று சைக்கிளிலிருந்தே கத்தினார் சுடலைமுத்து.

அப்போதுதான் நம் எல்லோருக்கும் உறைத்தது. தரையில் ஊன்ற வலது கால் இல்லை. இடது கால் மிதிகட்டையோடு கட்டிக் கிடக்கிறது. மிதித்தால் ஓடும், மிதிக்காவிட்டால் விழும். மூன்றாவது வழி அந்தச் சைக்கிளுக்குக் கிடையாது. ஆற்றங்கரையில் தினமும் நீர்தான் பின்னாலேயே ஓடிப் பிடித்துக்கொண்டிருந்தீர். "ஏ ஐயா, விழப்போறாவ, புடிங்களேன்!" என்று பேச்சியம்மாள் அலறினாள். நீர் வராந்தாவில் கூட்டத்துக்குள் மாட்டி, கவுன் எதிலோ சிக்கி, வர முடியாமல் தவிக்கிறீர். சைக்கிள் என் பக்கம் சாய்ந்து வருகிறது.

நான் யோசிக்கவே இல்லை, ஓய். யோசித்திருந்தால் கம்பெனி வக்கீலாக நின்றிருப்பேன். ஓடினேன். கவுன் பறக்க, கையிலிருந்த காகிதங்கள் பறக்க ஓடிப்போய்க் கேரியரைப் பிடித்தேன். அந்த இழுப்பில் நாலு எட்டு நானும் கூடவே ஓடினேன். நின்றது. அவர் அப்படியே என் நெஞ்சில் சாய்ந்துவிட்டார். அவருடைய இதயம் அடித்தது என் கைக்குத் தெரிந்தது.

பிடித்த பிறகுதான் இன்னொரு சங்கடம். விட முடியவில்லை. நீதிபதி படியிறங்கி வந்தார். எதிர்க்கட்சி வக்கீல் மனுதாரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற காட்சியை அவர் எந்தக் கோர்ட்டில் பார்த்திருப்பார்?

"வக்கீல் சார், இப்போது நீங்கள் கையை விட்டால் என்ன ஆகும்?"

"விழுந்திருவார் ஐயா."

"இதைப் பதிவு செய்துகொள்ளலாமா?"

கம்பெனி ஆபீசர் கூட்டத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் நெஞ்சில் சாய்ந்திருந்த மனிதருக்கு இன்னும் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. "செய்துகொள்ளலாம் ஐயா" என்றேன்.

நீதிபதி சுடலைமுத்துவிடம் கேட்டார். "காலையில் இலை போட எத்தனை இடத்தில் நிறுத்துவீர்கள்?"

"முப்பது, முப்பத்தஞ்சு கடை இருக்கும் ஐயா."

அவ்வளவுதான் வழக்கு. நீர் வந்து குனிந்து அவர் காலை அவிழ்த்துவிடுகிற வரைக்கும் நான் பிடித்துக்கொண்டே நின்றேன். நிமிர்ந்ததும் என்னைப் பார்த்தீர். உமக்குக் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க, "பைய, மெல்ல விடும்வே, இவரு லாரி இல்ல" என்றீர்.

முழுத் தொகையும் தீர்ப்பானது. அன்று மாலை கேண்டீனில் உம்மைப் பிடித்துக் கேட்டேன். "உண்மையச் சொல்லும். தெரிஞ்சேதான செஞ்சீரு?"

நீர் டீ புரையேறும்வரைக்கும் சிரித்தீர். "சத்தியமாத் தெரியாதுவே. தெனமும் நாந்தான ஓடிப் புடிச்சேன்? அவன்தான் நிப்பாட்டுதான்னு நெனச்சுட்டேன். அவனும் அப்படித்தான் நெனச்சிருக்கான்."

"அப்ப அந்தக் கேசு போயிருந்தா? எதுக்குவே சொல்லிக் குடுத்தீரு?"

"என் ஆபீசுக்கு வாரப்பல்லாம் என் சைக்கிளையே பாத்துக்கிட்டு இருப்பான். ஒரு நாளு ஹேண்டிலத் தொட்டுப் பாத்தான். தீர்ப்பு வாரதுக்கு ரெண்டு வருசம் ஆவும். அதுவரைக்கும் அவன் ஆசப்படாம இருக்கணும்னு எந்தச் சட்டத்துலவே இருக்கு?"

அன்று வீட்டுக்கு வந்து பாடிக்கொண்டே குளித்தேன். என் மனைவி நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துப் பாயசம் வைத்துவிட்டாள். நானும் மறுக்கவில்லை, இரண்டு டம்ளர் குடித்தேன். கம்பெனி ஆறு மாதம் எனக்குப் புதுக் கேஸ் கொடுக்கவில்லை. அந்த ஆறு மாதமும் தினம் கேண்டீனுக்கு வந்தேன். உமக்கு ஞாபகம் இருக்குமே, அப்போது முழு வடையாக வாங்கி எனக்கு வைத்தீர்.

சுடலைமுத்து கடை போட்டார். காலையில் கடை, சாயங்காலம் ஆற்றங்கரையில் சைக்கிள். நிறுத்துவதற்கு மகனைப் பழக்கிவிட்டார். நீர் கடைசியாகப் படுத்திருந்தபோது பார்க்க வந்தவர், நேற்று எத்தனை சுற்றுப் போனார் என்று உம் காதில் சொன்னதும் நீர் விரலை உயர்த்தி, இன்னும் ஒன்று என்பதுபோல் காட்டினீர். அதற்கு மேல் பேச உம்மால் முடியவில்லை. ஆனாலும் சிரித்தீர். நான் வெளியே வந்து அழுதேன்.

மரத்துக்குப் பின்னால் நின்றதையும், சிவப்பு மையில் எழுதியதையும் உம்மிடம் சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் வந்தேன். வடை குறுக்கே வந்துவிட்டது. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர் என்று எனக்குத் தெரியும். திட்டியிருப்பீர். பிறகு, நான் ஓடிய ஓட்டத்தைக் கேண்டீன் முழுக்க நடித்துக் காட்டியிருப்பீர்.

எத்தனையோ வழக்கில் ஜெயித்தேன். எந்தத் தீர்ப்பிலும் ஒரு வரிகூட இப்போது ஞாபகம் இல்லை. அந்த நாலு எட்டு ஓட்டம் மட்டும் இந்த உடம்பை விட்டுப் போகவில்லை. போன வாரம் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். தலை நரைத்த ஒருவர் புல்லுக்கட்டோடு வந்து, இறங்கப் பார்த்து, சைக்கிள் லேசாக ஆடியது. என்னை அறியாமல் கைத்தடியை நழுவவிட்டு என் இரண்டு கையும் போய்க் கேரியரைப் பிடித்துவிட்டன. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என்னவே?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றேன். "நீங்க பைய எறங்குங்க."